உறைபனிக்கு முன் ஒரு கூடை காய்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கனடாவின் நன்றி நவிலல் வார இறுதி நெருங்கியிருக்கும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் பின்வளவுப் பாகற்பந்தல்கள் மஞ்சளடித்துத் தொங்கும். வெண்டி காய்ப்பதை நிறுத்திக் கன நாளாகியிருக்கும். கத்தரி இலை சுருண்டு நிற்கும். தக்காளிக்கு மட்டும் இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அது இன்னும் பூத்துக்கொண்டும் காய்த்துக்கொண்டும் நிற்கும். மரம் நிறையக் காய், அத்தனையும் பச்சை.

மே மாதம் விக்ரோரியா தினம் கழிந்த பிறகுதான் இங்கே தக்காளி நாற்றைத் துணிந்து வெளியில் நடலாம். ஒக்ரோபரில் உறைபனி வந்துவிடும். நடுவில் கிடைப்பது நாலரை மாதம். அதற்குள் நட்டு, தடி ஊன்றி, கட்டி, தண்ணீர் விட்டு, அணில்களோடு மல்லுக்கட்டிக் காய்க்க வைத்தவர்கள் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் வயதானவர்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட அம்மாக்கள், அப்பாக்கள், அம்மம்மாக்கள். இந்த ஊரில் அவர்களுக்கென்று தனியாக இருக்கிற வேலையும் இடமும் அந்தப் பின்வளவுதான். உறைபனி வரப்போகிறதென்று செய்தி சொன்ன மறுநாள், பிள்ளைகள் யாராவது போய் மரத்தைப் பிடுங்கி, காயும் தண்டுமாக இலைகுப்பைக் கடதாசிப் பைக்குள் திணித்து வீதியோரம் வைத்துவிடுகிறார்கள். ஒரு கோடை காலத்து உழைப்பு அந்தப் பைக்குள் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்தக் காய்களில் பெரும்பங்கு வீட்டுக்குள் வைத்தால் பழுக்கும். நத்தார் வரைக்கும் வைத்துப் பழுக்க வைக்கிறவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பறித்த பிறகு பழுக்கிற குணம் எல்லாக் கனிகளுக்கும் இல்லை. திராட்சை, தோடை, ஸ்ட்ரோபெரி எல்லாம் பறித்த நேரத்தில் எந்த அளவுக்குப் பழுத்திருந்தனவோ அந்த அளவோடு சரி. வாழை, மா, அப்பிள், தக்காளி ஆகியவை வேறு வகை. தாய்மரத்தை விட்டுப் பிரிந்த பின்னும் இவற்றின் மூச்சு நிற்பதில்லை. பழுக்கத் தொடங்கும் கட்டத்தில் அந்த மூச்சு திடீரென்று வேகம் பிடிக்கிறது. கேம்பிரிட்ஜில் அப்பிள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கிட், வெஸ்ட் என்ற இருவர் 1920களில் இதை அளந்து காட்டினார்கள். அந்த வேகத்தில்தான் பச்சையம் சிதைகிறது, சிவப்பு நிறமான லைகோபீன் ஊறுகிறது, மாச்சத்து சர்க்கரையாகிறது, புளிப்பு அடங்குகிறது, சதை இளகுகிறது. இத்தனைக்கும் வேண்டிய சரக்கு முற்றிய காய்க்குள்ளேயே இருக்கிறது. வேரிடம் இனிக் கேட்டு வாங்க வேண்டியது அதிகமில்லை.

இதை முடுக்கிவிடுவது எதிலீன் என்ற வாயு. அது கண்டுபிடிக்கப்பட்ட வழி விசித்திரமானது. அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்கு எரிந்தது நிலக்கரி வாயுவில். குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் காரணம் தெரியாமல் இலை உதிர்த்தன. ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற இளம் ஆய்வாளர், ஆய்வுகூடத்துப் பட்டாணி முளைகள் நேராக எழாமல் கோணிப் படுத்து வளர்வதைக் கவனித்தார். அறைக்குள் கசிந்த விளக்கு வாயுவில் இருந்த எதிலீனே காரணம் என்று 1901இல் எழுதினார். பழங்கள் தாங்களே அந்த வாயுவை உண்டாக்கி வெளிவிடுகின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிறுவினார். ஒரு பழம் விடும் எதிலீன் பக்கத்துக் காயைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட காய் தானும் எதிலீனை விடத் தொடங்குகிறது. ஒரு பெட்டிக்குள் ஒன்று சிவந்தால் மற்றவை பின்தொடர்வது இதனால்தான்.

எங்கள் ஊர்களில் வாழைக்குலையைக் குழிக்குள் இறக்கி, இலையும் சருகும் மூடி, மண் அணைத்து, பொச்சுமட்டைப் புகையை உள்ளே ஊதிவிடுவார்களே, அந்தப் புகையிலும் எதிலீன் உண்டு. வைக்கோலுக்குள்ளும் அரிசிச் சாக்குக்குள்ளும் மாங்காயைப் புதைப்பது, காய்கள் விடும் வாயு கலைந்து போகாமல் அவற்றோடேயே கிடக்கத்தான். ஆகவே, “அம்மா, இதெல்லாம் இந்த நாட்டில் சரிவராது” என்று சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அம்மாவிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மாங்காய் பழுக்க வைத்த கைக்குத் தக்காளி பெரிய வேலையில்லை.

எந்தக் காய் பழுக்கும், எது பழுக்காது என்பதில்தான் கவனம் வேண்டும். பிஞ்சு பழுக்காது. வீட்டுக்குள் எத்தனை நாள் வைத்தாலும் சுருங்கும், வெம்பும், கடைசியில் அழுகும். முற்றிய காயை நிறத்தில் அறியலாம். கரும்பச்சை தணிந்து, வெளிர்பச்சையாகவோ வெண்மை கலந்தோ, தோல் பளபளப்பாக இருக்கும். காம்புக்கு எதிர்ப்புறம் வெளிறத் தொடங்கியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரே அளவான காய்களில் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதைகளைச் சுற்றி வழவழவென்று கூழ் திரண்டு, கத்தி பட்டதும் விதைகள் வெட்டுப்படாமல் நழுவினால் அந்த அளவுக் காய்கள் எல்லாம் பழுக்கும். உள்ளே கெட்டியாக இருந்து விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அவை பிஞ்சு. அவற்றைச் சமையலுக்கு எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு வருகிறேன். அடிப்புறத்தில் இளஞ்சிவப்போ மஞ்சளோ ஓடிய செங்காய் கிடைத்தால் அதுதான் முதல்தரம். அந்தக் கட்டத்தில் பறித்த காய், மரத்திலேயே பழுத்ததற்குச் சுவையில் பெரிதாகக் குறைவதில்லை. அணிலுக்கும் மழை வெடிப்புக்கும் தப்பவும் அதுவே வழி. கோடையிலும் நான் செங்காயாகத்தான் பறிப்பேன்.

எப்போது பறிப்பது? பலரும் உறைபனி எச்சரிக்கை வரும் வரை காத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே பறிப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. தக்காளி வெப்பநாட்டுப் பயிர். இரவு வெப்பநிலை தொடர்ந்து 10 பாகைக்குக் கீழே இறங்கினால், உறைபனி விழாவிட்டாலும் காய்க்குள் குளிர்க்காயம் சேர்ந்துகொண்டே வரும். வெளியே ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் திட்டுத்திட்டாகப் பழுக்கும், அல்லது பழுக்காமலே புள்ளி விழுந்து அழுகும். “போன வருடம் வைத்துப் பார்த்தோம், எல்லாம் பழுதாகிப் போச்சு” என்கிற வீடுகளில் அனேகமாக நடந்தது இதுதான். உறைந்துபோன காயைப் பற்றிப் பேசவே வேண்டாம். கண்ணாடிபோல் ஈரம் ஊறி, தொட்டால் நீராகக் கசியும்.

காற்றில்லாத, முகிலில்லாத, நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற இரவுதான் உறைபனிக்கு உகந்தது. ஒன்ராறியோ ஏரியின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஏரி விடும் சூட்டினால் சில நாள் கூடுதலாகக் கிடைக்கும். வடக்கே ஸ்ரூவ்வில் பக்கம் வீடு வாங்கிப் போனவர்கள் ஏரிக்கரைக் கணக்கை மறந்துவிடவேண்டும். ஓரிரவு மட்டும் குளிர்ந்து, மீண்டும் வெயில் வருமென்று தெரிந்தால் பழைய படுக்கை விரிப்பால் மரத்தை நிலம் வரை மூடி விடியற்காலை எடுத்துவிடலாம். பிளாஸ்ரிக் விரிப்பு இலையில் பட்டால் பட்ட இடம் கருகும்.

இந்தக் கணக்கை ஓகஸ்ட்டிலேயே போட்டு வைப்பது இன்னும் நல்லது. பூ காயாகி முற்றிப் பழுக்க ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். ஓகஸ்ட் கடைசியில் பூக்கிற பூ ஒக்ரோபர் நடுவில்தான் பழத்தைப் பற்றி யோசிக்கவே தொடங்கும். ஆகவே செப்ரெம்பர் பிறக்கும்போது நுனியைக் கிள்ளி, புதுப் பூக்களையும் கிள்ளிவிட்டால், மரம் தன் பலத்தை ஏற்கனவே இருக்கும் காய்க்குக் கொடுக்கும். பூக்கிற செடியைக் கிள்ள எங்கள் பெரியவர்களுக்குக் கை வராது. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாள்காட்டியைக் காட்டி, பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி வீட்டுக்குள். காயை மெதுவாகத் துடைத்து, ஈரம் காயவிட்டு, காம்பு மற்றக் காயைக் குத்தாதபடி எடுத்துவிட்டு, கடதாசிப் பெட்டியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஒன்றின்மேல் ஒன்று குவிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி வைப்பது பழைய வழக்கம். ஒன்று அழுகினால் மற்றதுக்குத் தொற்றாமல் இருக்கவும், காய் வற்றிச் சுருங்காமல் இருக்கவும் அது உதவுகிறது. சுற்றுகிறவர்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்கிற பொறுமையையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அது முடியாதவர்கள் சுற்றாமல், இடைவெளி விட்டுப் பரப்பி, மேலே ஒரு தாளை மூடினால் போதும்.

யன்னலோரம் வேண்டாம். வெயில் பட்டால்தான் சிவக்கும் என்ற எண்ணம் எங்களில் பலருக்கு ஆழமாக இருக்கிறது. பழுப்பதற்கு ஒளி தேவையே இல்லை, வெதுவெதுப்புத்தான் தேவை. கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் காய் 30 பாகைக்கு மேல் சூடேறினால் லைகோபீன் ஊறுவது நின்றுவிடும். சிவப்பு வராமல் மஞ்சளும் செம்மஞ்சளுமாக, ஒரு பக்கம் வெந்ததுபோல் இளகிவிடும்.

18 முதல் 21 பாகை வரை உள்ள இடம் வாய்த்தால் முற்றிய பச்சைக் காய் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பழுக்கும். 13 பாகை என்றால் மூன்று நாலு வாரம் எடுக்கும். அறுவடையை நீட்டிக்க இந்த வித்தியாசம் கைகொடுக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரே கிழமையில் அத்தனையும் பழுத்து வீட்டையே மிரட்டும். ஒரு பெட்டி சமையலறை அலுமாரிக்குள், இன்னொன்று நிலவறையின் வெளிச்சுவர் ஓரம் என்று பிரித்து வையுங்கள். சூடாக்கி இருக்கும் பக்கம் விரைவாகவும் வெளிச்சுவர்ப் பக்கம் மெதுவாகவும் பழுக்கும். ரொறன்ரோவின் பழைய வீடுகள் பலவற்றில் முன்வாசல் படிக்கட்டின் கீழே கொங்கிறீற் போட்ட ஒரு குளிரறை இருக்கும். இத்தாலியர்கள் அதைக் கன்ரீனா என்பார்கள். ஓகஸ்ட் கடைசியிலும் செப்ரெம்பரிலும் குடும்பமாகக் கூடிக் கூடை கூடையாக ரோமாத் தக்காளி அரைத்துப் போத்தலில் அடைத்து அங்கே அடுக்குகிறவர்கள் அவர்கள். எங்களில் பலர் அந்த வீடுகளை வாங்கி, அந்த அறையில் அரிசி மூட்டையையும் பழைய சூட்கேசையும் வைத்திருக்கிறோம். ஒக்ரோபரில் காயை மெல்லப் பழுக்க வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டு, 10 பாகைக்குக் கீழே போகும் நாளில் பெட்டியை வீட்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

அவசரமென்றால் துணைக்கு ஒரு பழத்தைப் போடலாம். நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்று, அல்லது ஓர் அப்பிள். அதுவும் இது ஒன்ராறியோவின் அப்பிள் காலம். இந்த மாகாணத்தின் டன்டெலாவில் 1811இல் ஜோன் மக்கின்ரொஷ் கண்டெடுத்த கன்றுகளிலிருந்து வந்த மக்கின்ரொஷ் அப்பிள் எதிலீனைத் தாராளமாக விடுகிற இனம். கடதாசிப் பைக்குள் நாலைந்து காயோடு அதில் ஒன்றைப் போட்டு வாயை மடித்து வைத்தால் வேறுபாட்டைக் கண்கூடாகப் பார்க்கலாம். பிளாஸ்ரிக் பை ஈரத்தை அடைத்துப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். ஊரில் வியாபாரிகள் போடும் காபைட் கல்லை நினைத்து எதிலீன் என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் பழம் பழுக்க வைக்கத் தடை செய்யப்பட்டிருப்பது அந்தக் கல். அது விடுவது அசெற்றிலீன். அதோடு ஆசனிக், பொஸ்பரஸ் அழுக்குகளும் வரக்கூடும். அப்பிள் விடும் எதிலீன் தக்காளி தானே விடுகிற அதே வாயுதான்.

சுவையைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். முழுப் பச்சையாகப் பறித்துப் பழுக்க வைத்தது, ஓகஸ்ட் வெயிலில் மரத்தில் பழுத்ததற்கு ஈடாகாது. சர்க்கரையைச் செய்து கொடுப்பவை இலைகள். பறித்த பின் அந்த வரவு நின்றுவிடுகிறது. ஆனாலும் நவம்பரில் கடையில் வாங்குவதைவிட இது நன்றாக இருக்கும் என்பேன். புளோரிடாவிலிருந்து வருவதில் பெரும்பகுதி பச்சையாகப் பறித்து, எதிலீன் அறையில் நிறமேற்றி, நெடுந்தூரம் குளிரில் பயணம் செய்தது. குளிர்தான் வாசத்தின் பெரிய எதிரி. புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் ஹரி கிளீயும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குளிரூட்டி வைத்த தக்காளியில் வாசத்தை உண்டாக்கும் மரபணுக்களே அடங்கிவிடுகின்றன என்றும், மறுபடி வெளியில் எடுத்து வைத்தாலும் வாசம் முழுதாகத் திரும்புவதில்லை என்றும் காட்டினார்கள். ஆகவே பழுக்கிற காயை எந்தக் காரணத்துக்காகவும் ஃபிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள். சிவந்ததை மேசையில் வைத்து, இரண்டு மூன்று நாளில் ரசத்துக்கோ சம்பலுக்கோ எடுத்துவிடுங்கள்.

பெட்டி வேண்டாம் என்கிறவர்கள் மரத்தை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, கராஜிலோ நிலவறையிலோ தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இலை வாடும், காய் ஒவ்வொன்றாகச் சிவக்கும். மத்தியதரைக் கடலோரத்தில் தொங்கவிடுவதற்கென்றே இனங்கள் வைத்திருக்கிறார்கள். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் வெசூவியஸ் எரிமலைச் சரிவில் விளையும் பியன்னோலோ என்னும் சின்னத் தக்காளியைக் கொத்துக் கொத்தாகக் கயிற்றில் கோர்த்து உத்தரத்தில் மாட்டி, குளிர்காலம் முழுக்க அதிலிருந்து பிய்த்துச் சமைக்கிறார்கள். ஸ்பெயினின் கற்றலோனியாவில் பென்ஜார் என்று ஓர் இனம். அதன் மரபணுவிலேயே பழுப்பதை மெதுவாக்கும் ஒரு மாற்றம் இருக்கிறது. மாதக்கணக்கில் தொங்கிய பழத்தை வெட்டிப் பாணில் தேய்த்து, ஒலிவெண்ணெயும் உப்பும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். தை மாதத்தில் விதைப்பட்டியல் பார்க்கும் வாசகர்கள், பெரிய பீஃப்ஸ்ரேக் இனங்களோடு இப்படி ஒன்றையும் தேடிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். காயின் தோளில் எண்ணெய் பட்டதுபோல் கபிலத் திட்டு பரவியிருந்தால் அது பின்வெளிறல் நோய், 1845க்குப் பின் அயர்லாந்தை உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தள்ளிய அதே நோய். அந்த மரத்துக் காய் பெட்டிக்குள் பழுக்காது, மற்றதையும் கெடுக்கும்.

மிஞ்சிய பிஞ்சுகள் இனி அடுப்புக்கு. தக்காளிக்காயைத் துண்டாக்கி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலையோடு அவியவிட்டு, கடைசியில் கட்டித் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் நல்லதொரு வெள்ளைக்கறி. தமிழ்நாட்டு வாசகர்கள் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பார்கள், வதக்கி உளுந்தும் மிளகாயும் சேர்த்துத் துவையல் அரைப்பார்கள். இந்த நாட்டுக்காரருக்கும் இது புதிதல்ல. நோவா ஸ்கோஷியாவில் காயை வெங்காயத்தோடு வினாகிரியிலும் சீனியிலும் காய்ச்சி ‘சவ்’ என்று போத்தலில் அடைக்கிறார்கள். கியூபெக்கில் அப்பிளும் சேர்த்துப் பச்சைக் கெச்சப் செய்கிறார்கள். பச்சைக் காயில் ரொமற்றின் என்ற கசப்புப் பொருள் உண்டு. காய் சின்னதாக இருந்தால் கசப்புக் கூடும். கறியாக அளவோடு சாப்பிடுவதில் தவறில்லை, பச்சையாக நிறையத் தின்ன வேண்டாம்.

எங்கள் வாசகர்களின் வீடுகளில் இதைவிட நல்ல முறைகள் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எந்த இனம் நட்டீர்கள், எப்போது பறித்தீர்கள், எங்கே வைத்தீர்கள், கடைசிப் பழத்தை எந்த மாதம் சாப்பிட்டீர்கள் என்று எழுதியனுப்புங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுங்கள். வந்து சேர்கிறவற்றைத் தை இதழில், விதை வாங்கும் காலத்துக்கு முன்பாக, அவரவர் ஊர்ப் பெயரோடு அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்